நகல்

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு எதிரே
மாடிப்படிக்குக் கீழே என் கடை.
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், மனு தட்டித் தர நாற்பது.
ஆடி பிறந்து பன்னிரண்டு நாளாக வெயில் இல்லை.
பேப்பர் கட்டு ஈரத்தில் வளைந்து
மிஷினுக்குள் சிக்கிச் சிக்கி வருகிறது.

பழைய கணினி காலையில் எழுந்திருக்கப் பதினெட்டு நிமிடம்.
அதற்குள் கூட்டி, பத்தி வைத்து,
எதிர்க்கடை வர்க்கியில் இரண்டை டீயில் முக்கித் தின்றுவிடுவேன்.
உள்ளே யாரோ கல் அரைப்பார்கள்.

குன்னூரிலிருந்து சமீர் வந்தான்.
டிபன் டப்பா அளவில் புதியதை மேசையில் வைத்து,
"ஃபைல் மட்டும் போதுமாக்கா,
இல்ல ஆளையே அப்படியே தூக்கி வைக்கணுமா?"

ஃபைல் மட்டும் என்றேன்.
ஒரு மனுவைப் போட்டுத் திறந்தான்.
'ஐயா' இருந்த இடத்தில் இங்கிலீஷில் ஐ, ஏ, எச்.
'இ' எல்லாம் காற்புள்ளியாகியிருந்தது.
பழைய எழுத்துரு, பழைய விசை,
புதியதற்கு இந்தப் பாஷையே தெரியாது.
ஏதோ மாற்றியில் போட்டு மாற்றினான்.
கொடநாட்டுக்குக் கொம்பு ஒரு எழுத்து தள்ளி முளைத்தது.
தாசில்தார் சிரிப்பார்.

சரி, ஆளையே தூக்கு.

ஆள் என்றால் எல்லாமும்.
'புதியது', 'புதியது 2', 'இதுதான் கடைசி',
'இதுதான் கடைசி (ருக்கி அக்கா)'.
தலை ஈரம் துவட்டாமல் நீலத் துணி முன் உட்கார்ந்த
நாலாயிரம் பாஸ்போர்ட் முகங்கள்.
காட்டெருமை மிதித்த கேரட்டுக்கு இழப்பீடு கேட்டு
ஒரே வாசகம், வேறு வேறு சர்வே எண்.
நான் திறக்காதவை, திறந்து பாதியில் விட்டவை,
குப்பைத்தொட்டியில் கிடப்பதும்கூட.

பட்டை ஊர்ந்தது. அறுபத்தொன்றில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தி அடங்கியது.
"பாதி வந்துருச்சே?" என்றேன்.
"பாதி வந்தா ஒண்ணும் வரலைன்னு அர்த்தம்க்கா."
முதலிலிருந்து.

சாயங்காலம் புதியது ஏழே விநாடியில் எழுந்துகொண்டது.
திரையில் இரண்டு வட்டம்.
ஒன்று நான்.
மற்றது தவராசா.

நாலு வருஷத்துக்கு முன்
ஒரு வாரம் என்று திருப்பூர் போனவன்.
இந்த வட்டம் தினமும் வந்திருக்கும்,
நான் அப்போது வர்க்கியோடு எதிர்க்கடையில் இருந்திருப்பேன்.
பதினெட்டு நிமிடம் எதற்கு என்று இப்போது தெரிகிறது.
ஏழு விநாடிக்குள் எங்கே போவது?

"அழிச்சிரட்டுமா?" என்று கேட்டுவிட்டு
சமீரே கையை எடுத்தான்.
"தமிழ் கீபோர்டு அவர் பேர்லதான் பதிவாகியிருக்கு.
எடுத்தா அதுவும் போயிரும்."
எவ்வளவு இடம் பிடிக்கிறான் என்று கேட்டேன்.
மூன்று ஜிபி.
இதில் ஐந்நூறு இருக்கிறது.
கிடக்கட்டும்.

"முகப்புல தெரியாம மறைச்சு வைக்கலாம்."
வேண்டாம் என்றேன், எதற்கென்று அவன் கேட்கவில்லை.

பழையதை எண்ணூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறானாம்.
பையில் திணித்தபோதுதான் உறைத்தது,
அதற்குள்ளும் அவன் இருக்கிறான்,
நானும்.
கண்ணாடியின் கீழே பட்டாவை மறந்து போகிறவர்களை
நாளுக்கு நாலு தடவை படிவரை ஓடிக் கூப்பிடுவேன்,
"ஒரிஜினலை விட்டுட்டுப் போறீங்க!"
"சமீர், அதைத் துடைச்சுட்டுக் கொடு" என்றேன்.
அரை மணி நேரம் ஆகும் என்றான். ஆகட்டும்.

கேர்பெட்டாவிலிருந்து காங்கி அம்மாள்,
குடையை வாசலில் உதறிக்கொண்டே,
"மறுபடியும் எருமை, தங்கச்சி.
இந்தத் தடவை வேலியோட.
ஏன், புது மிஷினா?"

ஐ, ஏ, எச் தட்டினேன்.
ஐயா நின்றார், கொம்பும் காலும் சரியாக.
சர்வே எண் சொல்லச் சொல்ல ஏற்றினேன்.
அச்சுக்குக் கொடுத்தேன்.

சிக்கிக்கொண்டது.
மூடியைத் திறந்து
நமத்த மூலையைப் பிடித்து
கிழியாமல்
மெல்ல இழுக்கிறேன்.