சி-1

மாடிப்படிக்குக் கீழே, கரன்ட் மீட்டர்கள் இருக்கும் அறையில்
மூன்று வருடமாய் எழுந்திருக்காமல் கிடக்கிறது
குடியிருப்போர் சங்கத்தின் கம்ப்யூட்டர்.
அதன் மேல் ஒரு பாலிதீன் உறை,
உறை மேல் மோட்டார் ரூம் சாவி,
சாவிக்கடியில் யாரோ மறந்த பால் கார்டு.

எடைக்குப் போட்டால் நானூறு தேறும் என்றார்
செயலாளர் தணிகாசலம்.
பி-3 நுஸ்ரத் மட்டும்,
போடுங்க, ஆனா உள்ள என்ன இருக்குன்னு
பாத்துட்டுப் போடுங்க என்றார்.

கொளத்தூர் மிதந்த அந்த டிசம்பரில்
சம்ப்பைத் தூர்வார வீட்டுக்கு ஆறாயிரம்.
அவர் கட்டினார். ரசீது
பீரோவின் கீழ்த்தட்டோடு ஊறிப் போனது.
அன்றிலிருந்து நோட்டீஸ் போர்டில்
'நிலுவை' என்ற சொல்லுக்குக் கீழே
அவர் கதவு எண் மட்டும்.
போர்டுக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தாயிற்று.
எண்ணை மறுபடி எழுதிவிடுகிறார்கள்.

ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடையில்
ஒன்றரை வருடம் ஸ்குரூ பொறுக்கியவன் நான்.
அதை எங்கோ உளறியிருக்கிறேன்.
ஆகவே ஞாயிறு காலை, லுங்கியோடு, நான்.

பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை.
பின்பக்கச் சுவிட்ச் அணைந்தே இருந்தது.
போட்டு மறுபடி அழுத்தினேன்.
விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது,
சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்ட ஆள் மாதிரி.

பக்கத் தகட்டைக் கழற்றினால்
தூசி கம்பளியாய் உரிந்து வந்தது.
எஸ்.எம்.பி.எஸ் கம்பிவலைக்குள்
இரண்டு பல்லி முட்டைகள். வெறும் ஓடு.
குஞ்சுகள் எப்போதோ கிளம்பிவிட்டன.
பச்சை வயரையும் கறுப்பு வயரையும்
பேப்பர் கிளிப்பால் முடிந்து பார்த்தேன்.
செத்திருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் பாதி நாள் லீவு.
பழைய சரக்கு, முந்நூற்றைம்பது.
காரன்டி உண்டா?
கடை வாசப்படி வரைக்கும் உண்டு சார்.

மாற்றிப் போட்டதும் கத்த ஆரம்பித்தது.
நீளமாய் ஒரு கூவல். நிறுத்தம். நீளமாய் இன்னொன்று.
தணிகாசலம் காதைப் பொத்திக்கொண்டார்.
எனக்கு அது புரிந்த பாஷை:
ராம் சரியாய் உட்காரவில்லை.
நுஸ்ரத்தின் பையனிடம் அழிரப்பர் வாங்கி
அந்தத் தங்கப் பற்களை ஒவ்வொன்றாய்த் தேய்த்தேன்.
ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பர்.
இரு பக்கமும் 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்தினேன்.

குட்டையாய் ஒரே ஒரு கூவல்.
திரையில் வெள்ளை எழுத்து.

தேதி: ஜனவரி 1, 2002.
நாணயம் போலிருக்கும் பேட்டரி தீர்ந்தால்
அதற்குத் தெரிந்த முதல் நாளுக்குப் போய்விடும்.
அந்த நாளில் இங்கே கட்டடம் இல்லை,
ஏரியின் ஓரத்தண்ணீர்.
யாரும் யாருக்கும் பாக்கி இல்லை.
எஃப்-1 அழுத்தினால் தொடரலாம் என்றது.
கொஞ்ச நேரம் அழுத்தாமல் இருந்தேன்.

பிறகு அந்தப் பச்சைப் புல்வெளி, நீல வானம்,
'சம்ப் கணக்கு ஃபைனல் புதுசு' என்றொரு ஃபைல்.
பி-3: ஆறாயிரம், ரொக்கம், டிசம்பர் பத்தொன்பது.
பெற்றவர் கட்டத்தில் 'த' என்று ஒரே எழுத்து.

தணிகாசலம் சாவியை எடுத்துத் துடைத்தார்,
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

நுஸ்ரத் எதுவும் பேசாமல் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்.
டியூப்லைட் திரையில் விழுந்தது.
லைட்டை அணைக்கச் சொல்லி இன்னொன்று எடுத்தார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது,
ஃபிரிட்ஜ் மேல் டப்பாவுக்கடியில் ஆறாயிரம்.
கொடுக்கப் போனேன், தணிகாசலம் வீடு பூட்டியிருந்தது.
அடுத்த வாரம் கேஸ் அடுப்பு, ஒரு மெத்தை.
யாரும் கேட்கவில்லை.
கணக்கில் குறைந்த ஆறாயிரத்துக்கு
ஒரு கதவு எண் வேண்டியிருந்திருக்கும்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:
கொஞ்சம் கீழ இறக்குங்க, முழுசா எடுத்துக்கறேன்.

மவுஸின் சக்கரம் பிசுபிசுத்தது.
இறக்கினேன்.