பதினோரு நாற்காலிகள்

தீயணைப்பு வண்டியை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள்.
காலடியில் எண்ணெய்ப் பிசுக்கு.

அகஸ்டாவிலிருந்து கொண்டுவந்த தாளைப் படித்தேன்.
பால் விலை மசோதா நிறைவேறியது.
பள்ளிப் பேருந்துகளுக்குக் குளிர்கால டயர், அதுவும்.
கையுறையோடு தட்டினார்கள்,
சத்தமே வரவில்லை.

ஆம்புலன்ஸ் நிதி?
கேட்டவர் ஓரெல் பூஷார்.
மனைவிக்காக ஐம்பது நிமிடம்
சாலையோரம் டார்ச் பிடித்து நின்றவர்.

இரண்டு வாக்கில் தோற்றது.
தாளில் அவ்வளவுதான் இருந்தது.
மடித்து வைத்தேன்.
அதில் ஒன்று என்னுடையது, என்றேன்.
காரணம் சொல்ல வாயெடுத்தேன்,

இடுப்புகளில் பேஜர்கள் அலறின.
ஆறு பேர் எழுந்து ஓடினார்கள்,
ஓரெலும்.

கதவு வழியே குளிர் ஏறி வந்தது.
சாத்தட்டுமா?
வண்டி திரும்பட்டும், என்றாள் ஒருத்தி,
என்னைப் பார்க்காமல்.