பிடிக்க ரயில் இல்லாமல்

இதுவரை நான் ஓடியதெல்லாம்
வடாலா பாலத்துப் படிகளில்,
எட்டுப் பதினெட்டுக்கு.
தோள்பை ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம்,
தொண்ணூற்றாறு கிலோவும் நடுவில்.
யாரும் சிரித்ததில்லை.
ரயில் இருந்தால் எந்த உடம்பும் ஓடலாம் இந்த ஊரில்.

ஷூக்கடைப் பையன்
பெண்கள் அடுக்கில் இரண்டு ஜோடி எடுத்து
திரும்ப வைத்துவிட்டு
ஆண்கள் அடுக்குப் பக்கம் போனான்.
அகலம் என்ற சொல்லை
அவன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஃபைவ் கார்டன், காலை ஐந்தே கால்.
ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை.
முப்பதாவது விநாடியில் பாதாம் மரம்.
நாற்பதில் பூட்டிய பால் பூத்.
ஐம்பதில் மூச்சு
யாரோ பக்கத்து அறையில் மேசையை இழுப்பதுபோல் கேட்கிறது.
நாயோடு நடக்கும் பார்ஸிக்காரர்
ஓடிக்கொண்டிருக்கும் என்னை
முந்திப் போகிறார், நடந்தே.
அந்த நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது.
இரண்டாம் வாரம் அதுவும் விட்டுவிட்டது.
அதன் அலட்சியத்துக்கு நான் கடமைப்பட்டவள்.

மூன்றாம் வாரம் முன்னங்கால் எலும்பு.
ஐந்தாம் வாரம் குதிகால்.
கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடிக்காக
ராத்திரி முழுக்க
ஒரு ஆணி தரையில் விழித்திருக்கிறது.
குளியலறை வரை சுவர்தான் துணை.
குக்கர் இரண்டாம் விசில் அடிப்பதற்குள்
வலி எழுந்து போய்விடும்,
நாளைக்கு வருகிறேன் என்கிற கடன்காரன் மாதிரி.

ஃப்ரீஸரில், மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில்
ஒரு தண்ணீர் பாட்டில்.
உள்ளங்காலுக்கு அடியில் வைத்து
சீரியல் முடியும்வரை உருட்டுவேன்.
ஒருநாள் அகிலன் அதை எடுத்து
மடமடவென்று குடித்தான்.
நான் எதுவும் சொல்லவில்லை.

இதுவரை பார்த்த டாக்டர்கள் எல்லாரும்
எடையைக் கேட்டார்கள்,
காது வலி என்று போனபோதுகூட.
பிசியோதெரபிஸ்ட் ஷிலோத்ரி
வலியைக் கேட்டாள். பத்துக்கு எத்தனை?
நான்கு என்றேன். ஆறு.
அவள் கட்டைவிரலால் குதிகாலை ஒரு அழுத்து அழுத்திவிட்டு
ஆறு என்று எழுதிக்கொண்டாள்.

குறைந்ததா என்று லிஃப்டில் கேட்கிறாள் ரெஜினா.
மூன்று மாதத்தில் எண்ணூறு கிராம்.
அதுவும் நான் தராசில் ஏறும் விதத்தைப் பொறுத்தது.
வேறென்னவோ ஆகியிருக்கிறது, ரெஜினா,
நான்காம் மாடி வருவதற்குள் சொல்ல முடியாது.

ஜூன் இரண்டாம் வாரம், நல்ல மழை.
பார்ஸிக்காரரும் வரவில்லை, நாயும் வரவில்லை.
நிற்க மறந்து
எட்டு நிமிடம் ஓடியிருக்கிறேன்.
எட்டு!
முழங்காலில் ஒட்டிய நீலப் பட்டை நனைந்து
ஓரம் பிரிந்து தொங்கியது.
வயிறு தொடை மார்பு எல்லாம்
ஒரே ஆளுடையவை போல
ஒன்றாக வந்தன.
ஒன்பதாவது நிமிடம்
ஒரு பாதாம் இலையில் கால் வைத்தேன்.

கணுக்கால் ராத்திரிக்குள் கத்தரிக்காய் நிறம்.
ஆறு வாரம், என்றாள் ஷிலோத்ரி.
படிக்கு ஒரு பாடம்:
ஏறும்போது நல்ல கால் முன்னால்,
இறங்கும்போது கெட்ட கால்.

இன்று பாலத்தில்
கெட்ட கால், நல்ல கால்,
கெட்ட கால், நல்ல கால்.
பக்கத்தில் சனம் கொட்டுகிறது.
கீழே எட்டுப் பதினெட்டு வந்து நின்று
கிளம்பியும் விட்டது.
எனக்கு மூச்சு வாங்கவில்லை.
வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்,
கம்பியைப் பிடித்தபடி.

கட்டுக்குள்ளிருந்து
கெண்டைக்கால் ஒரு தடவை
தானாகத் துள்ளியது.
இந்த ரயிலுக்கு இல்லை.