பதினேழாம் குழாய்

பத்து மில்லி போதும் என்றேன்.
பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
தகர வேலிக்குள், நிரோஜினி
பிள்ளையை மற்ற மார்புக்கு மாற்றியபடி கேட்டாள்:
"மறுகா திருப்பித் தருவீங்களா?"

சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
அவனுடைய பங்கு அது.

வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்.
குழாயில் வெள்ளித்தாள் சுற்றி
ஐஸ் பெட்டிக்குள் இறக்கினேன்.
பிறகு படிவம்.

காலையில்?
"கால் றாத்தல் பாண். சம்பல்."
மத்தியானம்?
"சோறு. முருங்கையிலைச் சுண்டல்."
மீன்?
"பிடிச்சதெல்லாம் வாழைச்சேனைக்குப் போயிற்று.
தலை ரெண்டு மிஞ்சிச்சு."
முட்டை?
"கோழி இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள்.
ஆம், இல்லை, இரண்டே கட்டம்.
கோழிக்கும் முட்டைக்கும் நடுவில்
செவ்வாய்க்கிழமை லோன்காரன் நிற்க
படிவத்தில் இடமில்லை.

தாய் தின்னாவிட்டாலும்
பாலில் சுண்ணாம்பு குறையாது;
எலும்பைச் சுரண்டியாவது உடம்பு கொடுத்துவிடும்.
விற்றமின் ஏ அப்படியில்லை. பி இரண்டும் அப்படியில்லை.
தட்டில் இருந்தால் வரும்.
இல்லாவிட்டாலும் பால் வரும்,
அதே வெள்ளையில்.
பார்த்தால் தெரியாது.

மட்டக்களப்புக்கு வந்து சேர மூன்றரை மணி.
என் சட்டை நனைந்திருந்தது.
ஐந்து மாத மகள் ஆரையம்பதியில்
மாப்பால் போத்தலோடு.
மைனஸ் எண்பதில் நூறு தாய்மாரின் பால் உறைந்திருக்கிறது.
என்னுடையதை வைக்க விதியில்லை.
கழிவறைக் கதவைச் சாத்தி,
சத்தம் கேட்காமல் தண்ணீரைத் திறந்துவிட்டு,
நாளும் ஊற்றுவேன்.

அன்று ஊற்றவில்லை.
ஒரு குழாயில் பிடித்து
எண் போடாமல்
பதினேழுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

காலை பிளேன்ரீ, இரண்டு பிஸ்கட்.
மத்தியானம்
ஞாபகமில்லை.
என்னிடம் யாரும் படிவம் நீட்டவில்லை.

மூன்று வாரம் கழித்து இயந்திரம் கோடு கீறியது.
ஏ-யில் பதினேழு என்னைவிட உயரம்.
பி இரண்டில்
இருவரும் தரையோடு தரை.

இரண்டாம் முறை போனபோது
"பாஸா, ஃபெயிலா?" என்றாள்.
முடிவு சொல்ல எனக்கு அனுமதியில்லை.
முருங்கையில் ஒரு கொப்பு முறித்துத் தாங்கோ என்றேன்.
"ஆருக்கு?"
எனக்கு.

என் சட்டையைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு கொப்பு முறித்தாள்.

வேலிக்கு வெளியே மோட்டார்சைக்கிள் நின்றது.
செவ்வாய்க்கிழமை.
அவள் கோழிக்கூட்டுக்குள் கையை விட்டாள்.