இருபது மடங்கு

சேற்றில் நின்றது பவளக்காலி.
சிவந்த காலில் ஒரு பச்சைப் பட்டை,
பட்டையில் எழுத்து.
எழுத்து இருக்கிறது என்பது வரைக்கும்தான்
என் பைனாகுலர் சொன்னது.

உப்பனாற்றின் அக்கரை,
படகு கட்டும் மூங்கில்களுக்கும் அப்பால்.
எந்தக் கரையில், எந்த வலையில் சிக்கி,
யார் விரல் மாட்டிவிட்ட பட்டை?
படித்திருந்தால் ஒரு கடிதமாவது போட்டிருப்பேன்,
உங்கள் பறவை கடலூரில் சுகம் என்று.

என் இடது கண் பிறவிச் சோம்பேறி.
இரண்டு குழலுக்குக் காசு கொடுத்து
ஒன்றில் மட்டும் பார்த்துவந்தேன்
பதினோரு வருஷம்.
ஸ்கோப்புக்கு ஒரு கண்ணே போதும்
என்று உறைத்த மத்தியானம்
மின்வாரியக் கணக்கு நோட்டுக்கு முன்னால்
தனியாகச் சிரித்தேன்.
"என்னக்கா, டிஏ ஏத்திட்டானா?"
பக்கத்து நாற்காலி கலைமதி.

சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
கையில் வந்தது நாற்பத்தோராயிரம்.

முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டைமாடி.
காயும் லுங்கிகளுக்கு நடுவே
இரண்டு ஸ்கோப்புகளை நிறுத்தினார் அந்துவான்.
பழைய எண்பது, புதிய அறுபத்தைந்து.
எண்பது வெளிச்சத்தைக் குடம் குடமாய் மொண்டது.
நாலு தெரு தள்ளி, டிஷ் ஆண்டெனா மேல் ஒரு மைனா,
அதன் கண்ணோரத்து மஞ்சள்,
அந்த மஞ்சளில் ஒரு சுருக்கம்.
மயங்கித்தான் போனேன்.
அவரே டார்ச் அடித்துக் காட்டினார்:
கண்ணாடிக்கு உள்ளே, வெற்றிலை நரம்பு போல
பூஞ்சை.
"கடல்காத்து மேடம். இதுக்கு மருந்து கிடையாது.
தெரியாம வித்துட்டுத் தூங்க முடியாது எனக்கு."

அறுபத்தைந்து பேருந்தில் மடியில் அடங்கும்.
அதுவே என்றேன்.
அறுபது மடங்குக்குத் திருகினேன்.
ஒன்பது மணி வெயிலில்
கானல்தான் அறுபது மடங்கு ஆடியது.
திருப்பி இருபதுக்கு வந்தேன்.
மைனா மறுபடி மைனா ஆயிற்று.

நேராகப் பார்ப்பதா, குனிந்து பார்ப்பதா?
"குனியிறதை எடுங்க.
குள்ளமானவங்க, ஒசரமானவங்க
யார் வந்தாலும் பாக்கலாம்.
காலை ஏத்தி எறக்க வேணாம்."
யாரும் வரமாட்டார்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பேரம் பேசுகிறேன் என்று நினைத்து
ஐந்நூறு குறைத்தார்.

மிச்சத்தில் முக்காலி.
அதில் சிக்கனம் பார்க்கவில்லை.
நொண்டிக்காலில் நிற்கிற கண்
எதையும் நிற்கவிடாது.

மூன்று ஞாயிறு காத்திருந்தேன்.
கொசு உள்ளான்கள் வந்தன, கூட்டமாய், பெயருக்கேற்ப.
பச்சைக்காலி ஒன்று வந்து
என் பவளக்காலியின் இடத்தில் நின்று
ஏமாற்றிவிட்டுப் போனது.
நாலாவது ஞாயிறு, வத்தத்தில்,
வந்தது.
இருபது மடங்கு பக்கத்தில் வந்தது.
மூக்கு நுனியின் கறுப்பு,
இறகு விளிம்பில் பல் பல்லாய் வெள்ளை,
பட்டையின் ஓரம் தேய்ந்திருப்பது,
எல்லாம்.
எழுத்து இருந்த இடத்தில்
ஒரு வழித்த கருப்பு.

லென்ஸைத் துடைத்தேன்.
வலது கண்ணைத் துடைத்தேன்.
அங்கேயே இருந்தது கருப்பு.

"என்னக்கா அதுல?"
இடுப்பு வரை நனைந்து
மட்டிக் கூடையோடு கரையேறிய பெண்.
கூடையை இறக்கிவிட்டு
எதையும் ஏற்றாமல், எதையும் இறக்காமல்
அப்படியே குனிந்தாள்.
என் தோள் உயரம் இருப்பாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.

"செவப்புக் கால்ல பச்சையா
என்னமோ மாட்டியிருக்கு."
"அதுல என்ன எழுதியிருக்கு?"
"சேறுக்கா அது.
நான் தெனம் கழுவுற சேறு.
வெள்ளம் ஏறினா போயிடும்."

வெள்ளம் ஏறியது.
பறவை பறந்தது, சேற்றோடு, எழுத்தோடு.
அவள் இன்னும் குனிந்தே இருந்தாள்,
குழாயை மெல்லத் திருப்பி
அக்கரையில் தான் காலையில்
மட்டி பொறுக்கிய இடத்தைத் தேடிக்கொண்டு.