வாயில்லாத பூச்சி

களியல் தாண்டி, மேட்டு விளையில்
முன்னூற்று இருபது மரம் எனக்கு.
மரத்துக்கு இரண்டு ரூபாய்.
மழை பெய்தால் அதுவும் இல்லை.

மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறினால்
எனக்கு முன்னால் ஒரு வட்டம் நடக்கும்.
வட்டத்துக்குள் பட்டை, கத்தி, சிரட்டை.
அவ்வளவுதான் என்றிருந்தேன்,
போன ஆவணியில் ஒரு ராத்திரி
பட்டையே கண் விழித்ததுபோல்
ஒன்று சிறகு விரிக்கும் வரை.

அன்று பதினேழு மரம் பிந்திப்போனது.
வெயில் ஏறினால் பால் நின்றுவிடும்.
ஷீட்டை நிறுத்துப் பார்த்த முதலாளி
"விஜிலா, தூங்கிட்டியா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
தூக்கத்துக்கு மன்னிப்பு உண்டு.
பூச்சி பார்த்தேன் என்று சொன்னால்?

கணக்கு நோட்டில்
முன்பக்கத்திலிருந்து ஷீட்,
பின்பக்கத்திலிருந்து பூச்சி.
பெயர் தெரியாததால் நானே வைத்தேன்.
சாம்பல் சட்டை.
மூக்குப்பொடி.
பெரிய வியாழன், அது ஊதா முக்காடு போட்டது.
பஸ் டிக்கெட்.
இரண்டும் முட்டிக்கொள்ள
நடுவில் இன்னும் நாற்பது தாள் கிடக்கிறது.

திற்பரப்புக்குக் குளிக்க வந்த
நாகர்கோவில் காலேஜ்காரர் ஒருவர்
டீக்கடையில் என் போனை எட்டிப் பார்த்தார்.
படத்துக்குப் பணம் தருவாராம்.
பெரிசுக்கு ஐம்பது. சின்னதுக்குப் பத்து.
அந்தச் சந்தோஷத்தில் நெய்மீன் வாங்கினேன்,
அரைக் கிலோ.

பிறகுதான் கவனித்தேன்.
சாம்பல் சட்டை வந்து உட்கார்ந்தால்
ஊதித் தள்ளிவிட்டுப்
பெரிசு வருகிறதா என்று பார்க்கிறேன்.
இருட்டும் எனக்கு ஒரு முதலாளி ஆகிவிட்டது.
போன் கேடாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஜூனில் அஜினுக்குப் பீஸ் கட்டச் சொன்னார்கள்.
போன் தானாகச் சரியானது.

பதினொன்று விற்றேன்.
கண் விழித்த அந்தப் பெரிசை மட்டும் விற்கவில்லை.
நோட்டில் வரைந்ததைக் காட்டி
இது என்ன தின்னும் என்று கேட்டேன்.
பதில் வந்தபோது நூறாவது மரத்தில் நின்றேன்:
அதற்கு வாய் கிடையாது.
புழுவாக இருக்கும்போதே தின்று முடித்துவிடும்.
சிறகு வந்தபின் ஏழெட்டு நாள்
வெறும் பறத்தல்.

மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
வாய் இல்லையென்றால் நானும்தான் பறப்பேன்.
எனக்கு நாலு வாய்.
இரண்டு பள்ளிக்கூடம் போகிறது.
ஒன்று எர்ணாகுளத்தில் செங்கல் அடுக்குகிறது,
ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு
"பிள்ளைகளைக் கரையேத்திட்டுப் பாரு பிள்ளே,
பூச்சி எங்க போவப் போவுது" என்கிறது.
நாலாவது என்னுடையது.

தின்று முடித்துப் பிறகு பற என்பது
புழுவுக்கு எழுதின சட்டம்.
நான் பார்த்தவரை
தின்று முடித்தவர்களுக்கு
முழங்கால் வலிதான் வந்திருக்கிறது.

நேற்று ராத்திரி முழுக்க மழை.
வெட்டு இல்லை, கூலி இல்லை.
அடுக்களைச் சுவரில் பல்பைச் சுற்றிப்
பெயர் வைக்க நேரமில்லாத அளவுக்குக் கூட்டம்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன்.
கொஞ்ச நேரம் பானைக்குள் எட்டிப் பார்த்து
இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.
இரண்டுக்கும் அதே பல்புதான்.

இன்று மழை விட்டது.
இருநூற்றுப் பன்னிரண்டாவது மரத்தில்
அது.
உள்ளங்கை அகலத்துக்கு, அசையாமல்,
நான் கத்தி வைக்க வேண்டிய கோட்டின் மேலேயே.
போனை எடுக்கவில்லை.
விளக்கைக் கையால் பாதி மறைத்தேன்,
கண் கூசுமோ என்று.
மலைக்குப் பின்னால் முதல் பஸ் இரைகிறது.
மிச்சம் நூற்றெட்டு மரம்.
அந்த ஒன்றை விட்டுவிட்டு நடந்தேன்.

நோட்டில் முன்பக்கம்
முன்னூற்றுப் பத்தொன்பது.
பின்பக்கம் எதுவும் வரையவில்லை.
இரண்டு ரூபாய் என்று மட்டும் எழுதி
அடியில் கோடு போட்டேன்.