மூன்றாம் எழுத்து

மேட்டின் பெயர் உம்முஷ்ஷவ்க்.
முட்களின் தாய் என்று பொருள்.
சாக்கடலிலிருந்து வெயில் ஏறி வருமுன்,
ஐந்து மணிக்கே, மண்வெட்டிகள் தொடங்கிவிடும்.
பத்து மணிக்கு ஓடுகள் என்னிடம் வரும்.
நான் விஜ்தான். ஓடு கழுவுகிறவள்.
பல் துலக்கும் பிரஷ், இரண்டு வாளி, ஒரு பேரேடு.
விளிம்பு, கைப்பிடி, அடி, மறுபடி விளிம்பு.
நாளொன்றுக்கு நானூறு ஓடுகள்,
ஒன்றும் வாய் திறக்காது.

ஏழாம் சதுரத்தில், சாம்பல் அடுக்குக்குக் கீழே
கிடைத்த ஒன்றில் மட்டும் கரிமசியால் மூன்று எழுத்து.
மேம். லாமேத்.
மூன்றாவதில் ஒரு கால்தான் மிச்சம்,
வெட்டுக்கிளி விட்டுப்போன கால் மாதிரி.

அது காஃப் என்றால், அரசன்.
ஹேத் என்றால், உப்பு.

அன்றிலிருந்து கூடாரத்தில் யாரும் நேரத்தோடு தூங்கவில்லை.

"புத்தகம் சொல்கிறது" என்பார் ஒஹாயோக்காரர் யோடர்,
"இந்தக் கரையில் ஒரு ராஜா இருந்தான், அவன் ஊர் எரிந்தது.
சாம்பல் இருக்கிறது. இதோ ராஜாவும்.
இன்னும் என்ன வேண்டும் உனக்கு, ரசீதா?"

அக்னெதே தேநீரைக் கீழே வைப்பாள்.
"ஊர்கள் எரியும், கேலப். அடுப்பாலும் எரியும்.
சாம்பல் கையெழுத்துப் போடாது.
கருகிய கோதுமையை ஆய்வகத்துக்கு அனுப்பினோம்,
எண்பது வருட அகலத்தில் விடை வந்தது.
அதில் எந்த வருடத்தில் உட்கார்ந்திருக்கிறான் உன் ராஜா?"

"பக்கத்து நாட்டு மன்னன் கல்லில் வெட்டிய பெருமையை மட்டும் நம்புகிறாய்.
அவன் பொய் சொல்லமாட்டானா?
கல் என்றால் வரலாறு, தோல்சுருள் என்றால் கதையா?"

"இரண்டையும்தான் சந்தேகிக்கிறேன்.
ஆனால் கல்லை யாரும் முந்நூறு வருடம் கழித்துத் திருத்தவில்லை."

யோடர் விளக்கைச் சுற்றும் பூச்சியைப் பார்த்தபடி,
"திருத்தியவர்களும் யாரிடமோ கேட்டுத்தானே எழுதினார்கள்" என்றார், மெல்ல.
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.
அவளிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

உப்புப் பெறாத வழக்கு என்று தள்ளவும் முடியாது,
வழக்கே உப்பின் மேல்.
என் வாயில் இரண்டு சொல்லும் இன்னும் உயிரோடிருக்கின்றன.
மலிக். மில்ஹ்.
ஒன்று தினார் நோட்டில் சிரிக்கிறது,
மற்றது பருப்பில் போட மறந்தால் தெரிகிறது.
கீழே சாலையில் வழிகாட்டி ஒருவர் உப்புத்தூணைக் காட்டி
லோத்தின் மனைவி என்கிறார்.
அடுத்த வளைவில் இன்னொரு வழிகாட்டி, இன்னொரு மனைவி.
ஞாயிற்றுக்கிழமை மாதபாவில் நானும்
அந்தப் புத்தகத்தை முத்தமிடுகிறேன்.
நடந்ததா என்று அப்போது யாரும் கேட்பதில்லை.
பூசை நீளம், கால் வலிக்கும்.

யாரிடமும் சொல்லாதது இது:
மசி இருக்கிறதா என்று முதலில் நனைத்துப் பார்க்க வேண்டும்,
பிறகுதான் பிரஷ்.
அன்று தம்பி போன் செய்தான்.
விசா மறுபடி இல்லையென்றார்களாம்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே அவன் குரல்,
என் கை பாட்டுக்கு வேலை செய்தது.
கறுப்பு கண்ணில் படுவதற்குள்
பிரஷ் இரண்டு முறை போய் வந்திருந்தது.

மேலே கோடு இருந்ததா?
இருந்ததென்றால், ஒன்றா, மூன்றா?
ராஜா என்று சொன்னால் யோடர் அழுதுவிடுவார்.
உப்பு என்று சொன்னால் அக்னெதே என் மணிக்கட்டைப் பிடித்து
"நிச்சயமா?" என்பாள்.
கண்ணால் கண்ட சாட்சி நான் ஒருத்திதான்.
எனக்கு நினைவிருப்பது தம்பியின் இருமல்.

பேரேட்டில் எழுதினேன்:
"மூன்றாம் எழுத்து சிதைந்துள்ளது. சிதைவு பழையது."
பழையது என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
நூறு வருடம் கழித்து எவரோ அதை ஆதாரம் என்று எடுப்பார்கள்.
நல்ல மை. என் கையெழுத்தும் தெளிவு.

வாளித் தண்ணீரை வழக்கம்போல் மாதுளை வேரில் ஊற்றினேன்.
இந்த வருடம் அது காய்க்கவில்லை.
போன வருடமும்தான்.